வடத்தின் இழுவிசைக்கு யார் பொறுப்பு?

புது தில்லி: பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள 'பஞ்சவடி' இல்லம், சர் சி.வி. ராமன் வாழ்ந்த வீடு. ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் என்றே உலகம் அவரை அறியும். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, கல்கத்தாவில் பணியாற்றியபோது, வயலின், வீணை, தம்புரா ஆகியவற்றின் தந்திகள் எவ்வாறு அதிர்கின்றன என்பதை அவர் விரிவாக ஆராய்ந்தார். வில்லால் மீட்டப்படும் தந்திகளைப் பற்றிய அவரது ஆய்வு நூல் 1918-இல் வெளியானது.

தந்தியை இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். வீணைக் கலைஞர்கள் விரலாலும் செவியாலும் அறிந்துள்ள இந்த உண்மைக்கு 17-ஆம் நூற்றாண்டிலேயே கணித வடிவம் கிடைத்துவிட்டது. அதிர்வெண்ணை இரு மடங்காக்க வேண்டுமானால் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது அந்த விதி. இன்று இந்தியாவின் மிகப் பெரிய பாலங்கள் சில பாதுகாப்பாக இருக்கின்றனவா என்பதைக் கண்டறிவதற்கும் இதே விதிதான் கைகொடுக்கிறது. கோபுரத்திலிருந்து சாய்வாக இறங்கி வந்து பாலத்தைத் தாங்கிப் பிடிக்கும் கம்பிவடங்கள் ஒவ்வொன்றும், இயற்பியலின் பார்வையில், ஒரு பெரிய வீணைத் தந்தியே.

அந்தத் தந்தியின் சுருதியை யார் பார்ப்பது, எத்தனை ஆண்டுகளுக்கு ஒரு முறை பார்ப்பது, பார்த்ததை யாரிடம் சொல்வது என்ற கேள்விகளுக்குத்தான் நம் நாட்டில் தெளிவான விடை இல்லை. பாலத்தைத் திறந்து வைப்பது யார் என்பதில் காட்டப்படும் அக்கறையில் பாதி கூட இந்தக் கேள்விகளுக்குக் கிடைப்பதில்லை.

திறப்பு விழா அரசியல்

கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், லிங்கனமக்கி அணையின் ஷராவதி நீர்த்தேக்கத்துக்குக் குறுக்கே கட்டப்பட்ட சிகந்தூர் பாலம் 2025 ஜூலை 14-ஆம் தேதி திறக்கப்பட்டது. சுமார் 473 கோடி ரூபாய் செலவில் எழுப்பப்பட்ட இப்பாலம் ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் நீளமானது. அதன் நடுப்பகுதியைக் கம்பிவடங்கள் தாங்குகின்றன. அணை நீர் சூழ்ந்ததால் பல பத்தாண்டுகளாகப் படகுச் சேவையை மட்டுமே நம்பியிருந்த மக்களுக்கு அது பெரும் விடுதலை.

ஆனால், அன்றைய தினம் அரசியல் வட்டாரங்களில் பேசப்பட்டது பாலத்தைப் பற்றி அல்ல. மாநில அரசைக் கலந்தாலோசிக்காமல் விழா ஏற்பாடு செய்யப்பட்டதாக முதல்வர் சித்தராமையா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். முதல்வருக்கு முறையாக அழைப்பு அனுப்பப்பட்டது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி கடித ஆதாரங்களை வெளியிட்டார். நெறிமுறை மீறப்பட்டதா, இல்லையா என்பதே விவாதத்தின் மையப்பொருளாயிற்று.

தில்லியில் 2018 நவம்பர் 4-ஆம் தேதி நடந்ததும் இதற்குக் குறைந்ததல்ல. யமுனையின் குறுக்கே வஜீராபாதில் கட்டப்பட்ட 'சிக்னேச்சர்' பாலத்தை முதல்வர் அரவிந்த் கேஜரிவால் திறந்து வைத்த அன்று, அப்பகுதியின் மக்களவை உறுப்பினர் மனோஜ் திவாரி அங்கு வந்தபோது தள்ளுமுள்ளு ஏற்பட்டது. மறுநாள் செய்திகளில் இடம்பெற்றது அந்தக் கைகலப்புதான். 154 மீட்டர் உயரக் கோபுரம், 251 மீட்டர் நீள முதன்மைக் கண், முதலில் 2010 காமன்வெல்த் போட்டிக்கு முன் முடிந்துவிடும் என்று சொல்லப்பட்ட பணி எட்டு ஆண்டுகள் தாமதமானது ஆகிய அனைத்தும் பின்னுக்குப் போயின. 1997 நவம்பரில் பழைய வஜீராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து யமுனையில் கவிழ்ந்து 28 குழந்தைகள் இறந்ததே புதிய பாலத்துக்கான கோரிக்கையை வலுவாக்கியது என்பதைக் கூடப் பலர் மறந்துவிட்டனர்.

தொங்கு பாலம் அல்ல

சென்னையிலிருந்து ரயிலில் பெங்களூரு செல்லும் தமிழகப் பயணிகளுக்கு கிருஷ்ணராஜபுரம் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள பாலம் நன்கு பழக்கமானது. பழைய மெட்ராஸ் சாலையில் செல்லும் வாகனங்களை ரயில் பாதைக்கு மேலே கொண்டுசெல்லும் அதை உள்ளூர் மக்கள் 'தொங்கு பாலம்' என்றே அழைக்கின்றனர். உண்மையில் அது தொங்கு பாலம் அல்ல. கம்பிவடம் தாங்கும் பாலம்.

இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு முக்கியமானது. தொங்கு பாலத்தில் இரு கரைகளிலும் உறுதியாகப் பிணைக்கப்பட்ட பெருவடம் கோபுரங்களின் மீது வளைந்து செல்லும். அதிலிருந்து செங்குத்தாக இறங்கும் சிறு வடங்கள் பாலத்தளத்தைத் தாங்கும். கம்பிவடம் தாங்கும் பாலத்தில் பெருவடம் கிடையாது. கோபுரத்திலிருந்து ஒவ்வொரு வடமும் நேராகப் பாலத்தளத்துக்கு வந்து சேரும். வடம் தளத்தை மேல்நோக்கித் தூக்குவதோடு, கோபுரத்தை நோக்கியும் இழுக்கிறது. ஆகவே, தளம் முழுவதும் நெருக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். தேர் வடத்தை இருபுறமும் சம வலிமையுடன் இழுத்தால்தான் தேர் நேராக ஓடும் என்பதைப் போல, கோபுரத்தின் இருபுறமும் இழுவிசை சமனாக இருந்தால்தான் கோபுரம் நேராக நிற்கும்.

சுவீடனின் ஸ்ட்ரோம்சுண்ட் பாலம் இந்த வகையில் நவீன காலத்தின் முன்னோடி. 1950-களின் மத்தியில் ஜெர்மானியப் பொறியாளர் பிரான்ஸ் டிஷிங்கரின் வடிவமைப்பில் உருவான அதன் நடுக்கண் சுமார் 183 மீட்டர். ரஷியாவின் விளாதிவஸ்தோக் நகரில் 2012-இல் திறக்கப்பட்ட பாலத்தின் நடுக்கண் 1,104 மீட்டர். சுமார் அறுபதே ஆண்டுகளில் இது ஆறு மடங்கு வளர்ச்சி.

இந்தியாவில் கொல்கத்தாவின் வித்யாசாகர் சேது இவ்வகைப் பெரும்பாலங்களின் தொடக்கம். 1972-இல் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய அப்பாலம், 457 மீட்டர் நடுக்கண்ணுடன், 1992 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. மும்பையின் பாந்த்ரா - வொர்லி கடல் பாலம் 2009 ஜூனிலும், குஜராத்தின் ஓகா - பேட் துவாரகா இடையிலான சுதர்சன் சேது 2024 பிப்ரவரியிலும் திறக்கப்பட்டன. ஜம்மு - காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் உள்ள அஞ்சி பாலம் 2025 ஜூன் 6-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கம்பிவடங்களால் தாங்கப்படும் முதல் இந்திய ரயில் பாலம் அதுவே.

கட்டும் முறை

இத்தகைய பாலத்தைக் கட்டுவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கீழே தற்காலிகத் தாங்குகால்களை நட்டு, அவற்றின் மீது தளத்தை அமைத்து, பின்னர் வடங்களை இழுத்துக் கட்டுவது. தாழ்வான இடங்களுக்கும் சிறிய பாலங்களுக்கும் இது பொருந்தும். இரண்டாவது, கரையில் தளத்தைப் பகுதி பகுதியாக இணைத்து, நீரியல் ஜாக்கிகளால் மெல்ல மெல்ல முன்னே தள்ளுவது. பிரான்ஸில் 2004-இல் திறக்கப்பட்ட, 2,460 மீட்டர் நீளமுள்ள மில்லோ பாலத்தின் எஃகுத் தளம் இவ்வாறே தூண்களின் மீது தள்ளப்பட்டது.

மூன்றாவது முறையே பெரும்பாலும் கையாளப்படுகிறது. கோபுரத்தை எழுப்பிய பின், அதன் இருபுறமும் தளத்தைத் துண்டு துண்டாக, தராசின் இரு தட்டுகளைப் போல, ஒரே அளவில் நீட்டிக்கொண்டே செல்வார்கள். ஒரு துண்டு பொருத்தப்பட்டவுடன் அதற்குரிய வடம் கட்டப்படும். பிறகே அடுத்த துண்டு. கீழே ஆறோ, கடலோ, பள்ளத்தாக்கோ இருந்தாலும் தடையில்லை. அஞ்சி பள்ளத்தாக்கில் ஆற்றுப்படுகையிலிருந்து 331 மீட்டர் உயரத்தில் ரயில் ஓட வேண்டியிருந்தது. அங்கே கீழிருந்து தாங்குகால் நடுவது நினைத்தும் பார்க்க முடியாதது. ஒரே கோபுரமும் 96 வடங்களும் கொண்டு அந்தப் பாலம் எழுப்பப்பட்டது. அவற்றில் மிகச் சிறியது 82 மீட்டர். மிக நீளமானது 295 மீட்டர். அந்த வடங்களுக்குள் இருக்கும் கம்பி இழைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் 653 கிலோமீட்டர் வரும்.

இம்முறையில் மிகவும் ஆபத்தான கட்டம் பணி முடிந்த நாள் அல்ல. முடிவதற்கு முன்பு உள்ள நாள்கள்தாம். இரு கரங்களும் அந்தரத்தில் நீண்டு நிற்கும். நடுவில் இன்னும் இணைப்பு ஏற்பட்டிருக்காது. ஒருபுறம் ஒரு துண்டு கூடுதலாக ஏறினாலும், பளுதூக்கி இடம் மாறினாலும், பலத்த காற்று வீசினாலும் சமநிலை குலையக்கூடும். முழுமை பெற்ற பாலத்துக்குரிய வலிமை பாதி கட்டிய பாலத்துக்குக் கிடையாது. ராஜஸ்தானின் கோட்டா நகரில் சம்பல் ஆற்றின் மீது கட்டப்பட்டு வந்த பாலம் 2009 டிசம்பர் 24-ஆம் தேதி இடிந்து விழுந்ததில் 48 பேர் உயிரிழந்தனர். பணியில் இருந்தவர்களே அவர்கள். அந்தப் பாலம் 2017 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது.

ஜாக்கியும் கணக்கும்

வடம் என்பது ஒரே தடித்த கம்பி அல்ல. ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள ஏழு கம்பிகளை முறுக்கியது ஓர் இழை. அதன் விட்டம் 15.7 மில்லிமீட்டர். கட்டைவிரல் அளவே உள்ள அந்த ஓர் இழை அறுபட வேண்டுமானால் சுமார் 28 டன் விசை தேவை. இத்தகைய இழைகள் பலவற்றைச் சேர்த்ததுதான் ஒரு வடம். துத்தநாகப் பூச்சு, மெழுகு, பிளாஸ்டிக் உறை என ஒவ்வோர் இழைக்கும் மூன்று காப்புகள். அனைத்தையும் மூடி வெளியே ஒரு குழாய்.

இழை தாங்கக்கூடிய உச்ச விசையில் பாதிக்கும் குறைவாகவே, பொதுவாக 45 சதவீதம் வரையில், பயன்பாட்டில் ஏற்ற அனுமதிக்கப்படுகிறது. போகும் வரும் வாகனங்களால் விசை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் எஃகு களைப்படைகிறது என்பதே இந்தச் சிக்கனத்துக்குக் காரணம்.

இழைகளை ஒவ்வொன்றாக உறைக்குள் செலுத்தி, சிறிய நீரியல் ஜாக்கியால் இழுத்து, முனையில் ஆப்பு வைத்து இறுக்குகின்றனர். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இரண்டாவது இழையை இழுத்தவுடன் தளம் சற்று மேலே எழும்பும். அதனால் முதல் இழை தளரும். மூன்றாவதை இழுத்தால் முதல் இரண்டும் தளரும். இதைச் சமாளிக்க, முதல் இழையில் விசைமானி ஒன்றைப் பொருத்தி, அது காட்டும் அளவுக்கே அடுத்த ஒவ்வோர் இழையையும் இழுக்கும் முறை கையாளப்படுகிறது. கடைசி இழை கட்டப்படும்போது அனைத்து இழைகளும் ஒரே இழுவிசையில் நிற்கும்.

ஓர் இழை மற்றோர் இழையைப் பாதிப்பது போலவே, ஒரு வடம் மற்றெல்லா வடங்களையும் பாதிக்கிறது. எனவே, இன்று கட்டும் வடத்தை எவ்வளவு இழுப்பது என்பதை இன்றைய நிலையைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. பொறியாளர்கள் பணி முடிந்த பாலத்திலிருந்து கணக்கைத் தொடங்குகின்றனர். முழுமையான பாலத்தை, கணினியில், கடைசித் துண்டிலிருந்து முதல் துண்டு வரை பின்னோக்கிப் பிரித்துக்கொண்டே வருகின்றனர். ஒவ்வொரு கட்டத்திலும் வடங்களில் எவ்வளவு விசை இருக்க வேண்டும், தளம் எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்ற பட்டியல் அதிலிருந்து கிடைக்கிறது. களத்தில் அளந்த எண்கள் அந்தப் பட்டியலுடன் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொரு நாளும் சரிபார்க்க வேண்டும்.

சரிபார்க்கும் நேரத்துக்கும் முக்கியத்துவம் உண்டு. பகல் வெயிலில் வடமும் தளமும் வெவ்வேறு அளவில் சூடேறி நீளும். ஆகவே, வெப்பம் சமனாக இருக்கும் விடியற்காலையில் அளப்பதே வழக்கம். இரு கரங்களும் சந்திக்கும் இறுதித் துண்டைப் பொருத்துவதற்கும் அத்தகைய நேரமே தேர்ந்தெடுக்கப்படுகிறது.

ஆக, ஒரு கம்பிவடப் பாலம் என்பது எஃகும் சிமென்டும் மட்டுமல்ல. ஆயிரக்கணக்கான அளவீடுகளின் பதிவேடும் ஆகும். அந்தப் பதிவேடு கைவசம் இல்லாவிட்டால், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பாலம் மாறியிருக்கிறதா என்பதைச் சொல்ல எவராலும் முடியாது.

அறுபதும் ஐம்பத்து நான்கும்

பாலம் திறந்த பின் வடத்தின் இழுவிசையை எவ்வாறு அறிவது? தந்தியின் விதி இங்கேதான் உதவுகிறது. 31 இழைகளும் 150 மீட்டர் நீளமும் கொண்ட வடம் ஒன்றில் சுமார் 390 டன் இழுவிசை இருப்பதாகக் கொள்வோம். அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முறை அதிரும். மனிதச் செவிக்கு எட்டாத அந்த மெல்லிய அசைவை, வடத்தின் மீது கட்டப்படும் சிறு உணர்கருவி பதிவு செய்துவிடும். போக்குவரத்தை நிறுத்த வேண்டியதில்லை. வடத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. காற்றும் வாகனங்களுமே வடத்தை மீட்டிவிடுகின்றன.

சில ஆண்டுகள் கழித்து அதே வடம் நிமிடத்துக்கு 54 முறை மட்டுமே அதிர்ந்தால், அதிர்வெண் பத்து சதவீதம் குறைந்துள்ளது என்று பொருள். இழுவிசையோ 19 சதவீதம் குறைந்திருக்கும். அந்த வடம் கைவிட்ட சுமையைப் பக்கத்து வடங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும். பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. 60 என்ற முதல் எண் திறப்பு விழா நாளிலேயே குறித்து வைக்கப்பட்டிருந்தால்தான் 54 என்ற எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

முறையாக வடிவமைக்கப்பட்ட பாலத்தில் ஒரு வடம் அறுந்தாலும் பாலம் விழாது. ஒவ்வொரு வடமாகக் கழற்றி மாற்றவும் வசதி இருக்கும். வடங்கள் பாலத்தின் ஆயுள் முழுவதும் உழைக்கும் என்று எவரும் உறுதி கூறுவதில்லை. வித்யாசாகர் சேதுவில், திறக்கப்பட்ட முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2023 நவம்பர் முதல் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தி வடங்களை மாற்றும் பணி மேற்கொள்ளப்பட்டது. தேய்மானம் இயல்பானது, அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதே குற்றம்.

ஜெனோவாவும் மோர்பியும்

கண்டுகொள்ளாமல் விட்டால் என்னவாகும் என்பதற்கு இத்தாலியின் ஜெனோவா நகரம் சாட்சி. 1967-இல் திறக்கப்பட்ட மொராண்டி பாலத்தின் எஃகு வடங்கள் கான்கிரீட்டுக்குள் புதைக்கப்பட்டிருந்தன. துருவிலிருந்து காக்கும் என்று கருதப்பட்ட அந்த உறையே துருவைக் கண்களிலிருந்து மறைத்தது. 1990-களில் ஒரு கோபுரத்தின் வடங்கள் வெளியிலிருந்து வலுப்படுத்தப்பட்டன. அவ்வாறு வலுப்படுத்தப்படாத மற்றொரு கோபுரப் பகுதி 2018 ஆகஸ்ட் 14-ஆம் தேதி சரிந்தது. 43 பேர் மாண்டனர்.

குஜராத்தின் மோர்பியில் 2022 அக்டோபர் 30-ஆம் தேதி அறுந்து விழுந்தது கம்பிவடம் தாங்கும் பாலம் அல்ல. பழைய காலத்துத் தொங்கு நடைபாலம். எனினும் பாடம் ஒன்றே. 135 பேரைப் பலி கொண்ட அந்த விபத்தை ஆராய்ந்த சிறப்புப் புலனாய்வுக் குழு, பெருவடம் ஒன்றிலிருந்த 49 கம்பிகளில் 22 கம்பிகள் விபத்துக்கு முன்பே துருப்பிடித்து அறுந்திருக்கலாம் என்று தெரிவித்தது. புதுப்பிப்புப் பணி முடிந்து சில நாள்களுக்கு முன்புதான் அப்பாலம் மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. புதிய தளம் போட்டவர்கள் பழைய வடத்தை மாற்றவில்லை.

பிகாரில் கங்கையின் மீது சுல்தான்கஞ்ச் - அகுவானி இடையே 1,710 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கப்பட்ட, கம்பிவடங்கள் தாங்கும் பாலத்தின் பகுதிகள் 2022 ஏப்ரல், 2023 ஜூன், 2024 ஆகஸ்ட் என மூன்று முறை ஆற்றில் விழுந்தன. முதல் முறை விழுந்தபோது தேஜஸ்வி யாதவ் எதிர்க்கட்சித் தலைவர், கேள்வி எழுப்பினார். இரண்டாம் முறை விழுந்தபோது அவரே துணை முதல்வர், சாலைக் கட்டுமானத் துறையும் அவர் வசம். பதில் சொல்ல வேண்டியவரானார். மூன்றாம் முறை அவர் மீண்டும் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். ஆட்சி மாறியது, கேட்பவரும் பதிலளிப்பவரும் மாறினர். பாலம் விழுவது மட்டும் மாறவில்லை. இதை ஒரு கட்சியின் குறையாகப் பார்ப்பதால் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ரயிலுக்கு ஒரு நீதி, சாலைக்கு ஒரு நீதி

அஞ்சி பாலத்தில் பயணிகள் ரயில் ஓடுவதற்கு முன் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஆய்வும் அனுமதியும் தேவைப்பட்டன. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் இதைக் கட்டாயமாக்குகிறது. இந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. பாலத்தைக் கட்டுபவரே அது பாதுகாப்பானது என்று சான்றளிக்கக் கூடாது என்ற எண்ணத்தில் ஆங்கிலேயர் காலத்திலேயே செய்யப்பட்ட ஏற்பாடு இது.

இதன் பயனைத் தமிழக மக்கள் அண்மையில் பார்த்தனர். பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட தென்சரக ரயில்வே பாதுகாப்பு ஆணையர், புதிய பாம்பன் பாலத்தை 2024 நவம்பரில் ஆய்வு செய்து, திட்டமிடலிலும் துரு தடுப்பிலும் குறைகள் இருப்பதாக அறிக்கை அளித்தார். அந்த அறிக்கை பொதுவெளிக்கு வந்தது; விவாதம் எழுந்தது; ரயில்வே வாரியம் ஐவர் குழுவை அமைக்க நேர்ந்தது. அதன் பின்னரே, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி, பாலம் திறக்கப்பட்டது. ஆணையர் கூறிய அனைத்தும் சரியா என்பது வேறு கேள்வி. கேள்வி கேட்கும் அதிகாரம் படைத்த ஒருவர் இருந்தார் என்பதே இங்கு முக்கியம்.

சாலைப் பாலங்களுக்கு அப்படி ஒருவர் இல்லை. பாலத்துக்குத் திட்டமிடுவதும், ஒப்பந்தம் வழங்குவதும், பணியை மேற்பார்வையிடுவதும், பின்னர் ஆய்வு செய்வதும் பெரும்பாலும் ஒரே துறையே. ஆய்வு நடத்தும் முறைகளை இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற தொழில்நுட்ப அமைப்பு வகுத்துள்ளது. 1934-இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்புக்கு வழிகாட்டத்தான் அதிகாரம், தண்டிக்க அல்ல. 2016 அக்டோபரில் மத்திய அரசு இந்தியப் பாலங்கள் மேலாண்மை முறையைத் தொடங்கி, நாடெங்கும் உள்ள ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்களைக் கணக்கெடுத்தது. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால், கணக்கெடுப்பு வேறு. போக்குவரத்தை நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் வேறு.

குஜராத்தின் வதோதரா அருகே மகிசாகர் ஆற்றின் மீதிருந்த கம்பீரா பாலம் 2025 ஜூலை 9-ஆம் தேதி இடிந்து, 20-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். நாற்பது ஆண்டுப் பழமையான, வடங்கள் ஏதுமற்ற சாதாரணப் பாலம் அது. சிகந்தூர் பாலத்தின் திறப்பு விழா சர்ச்சை நடந்தது அதற்கு ஐந்தே நாள்களுக்குப் பிறகு. சாதாரணப் பாலத்தையே பராமரிக்க இயலாத நிலையில், பல மடங்கு நுட்பமான வடப் பாலங்களை நாடு அடுத்தடுத்துக் கட்டி வருகிறது.

அரசமைப்பும் வழியும்

இதில் அரசமைப்புச் சிக்கலும் உண்டு. ரயில்வேயும் தேசிய நெடுஞ்சாலைகளும் மத்தியப் பட்டியலில் உள்ளன. மற்ற சாலைகளும் பாலங்களும் மாநிலப் பட்டியலின் 13-ஆவது இனத்தில் இடம்பெற்றுள்ளன. நாடு முழுவதற்கும் ஒரே மத்திய ஆணையம் அமைத்து, மாநிலப் பாலங்களையும் அதன் கீழ் கொண்டுவர முயன்றால், மாநில உரிமையில் தலையீடு என்ற எதிர்ப்பு நியாயமாகவே எழும்.

ஆனால், தடையாக நிற்பது அரசமைப்பு அல்ல. தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு நாடாளுமன்றமும், மாநிலப் பாலங்களுக்கு அந்தந்தச் சட்டப்பேரவையும் தனித்தனியே சட்டம் இயற்றலாம். கட்டும் துறைக்குக் கட்டுப்படாத பாதுகாப்பு ஆணையரை நியமிக்க எந்த மாநிலத்துக்கும் தில்லியின் அனுமதி தேவையில்லை. தமிழகமோ கர்நாடகமோ முதலில் செய்தால் மற்றவை பின்பற்றும்.

பிற நாடுகள் பேரிழப்புக்குப் பிறகுதான் விழித்துக்கொண்டன. அமெரிக்காவில் 1967 டிசம்பரில் ஒஹையோ ஆற்றின் மீதிருந்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தனர். அதைத் தொடர்ந்து 1971-இல் தேசியப் பால ஆய்வுத் தரம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பாலத்தின் நிலையையும் அந்நாட்டின் சாதாரணக் குடிமகனும் பார்க்கும் வகையில் பதிவேடு திறந்து வைக்கப்பட்டுள்ளது. இத்தாலி, ஜெனோவா விபத்துக்குப் பின் 2018-இல் கொண்டுவந்த சட்டத்தின் மூலம், ரயில் பாதுகாப்பைக் கவனித்த அமைப்பின் பொறுப்பைச் சாலைப் பாலங்களுக்கும் விரிவாக்கிப் புதிய முகமையை உருவாக்கியது. ரயிலுக்கு ஒரு நீதி, சாலைக்கு ஒரு நீதி என்ற நிலைக்கு அங்கு 43 உயிர்களின் விலையில் முடிவு வந்தது.

இந்தியா அதைவிட அதிக விலையை ஏற்கெனவே கொடுத்துவிட்டது. கோட்டா, மோர்பி, கம்பீரா ஆகிய மூன்று ஊர்களின் எண்ணிக்கை மட்டுமே இருநூறைத் தாண்டும்.

திறமைக்கும் இங்கு பஞ்சமில்லை. மல்லேஸ்வரத்துக்கு அருகில் உள்ள இந்திய அறிவியல் கழகம், ராமன் 1933-இல் இயக்குநராகப் பொறுப்பேற்ற நிறுவனம். அஞ்சி பாலம் அமைந்துள்ள அதே ரயில் பாதையில், செனாப் பாலத்தின் மலைச்சரிவுகளை உறுதிப்படுத்தும் பணிக்கு அக்கழகத்தின் பேராசிரியர் ஜி. மாதவி லதா பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தார். அஞ்சி பாலம் அமைந்துள்ள இடத்துக்கான விரிவான கள ஆய்வுகளை ரூர்க்கி, தில்லி ஐ.ஐ.டி.க்கள் மேற்கொண்டன. வடத்தின் அதிர்வை அளக்கும் கருவியும் விலை உயர்ந்ததல்ல. பல நூறு கோடி ரூபாய்த் திட்டத்தில் அது ஒரு பொருட்டே அல்ல.

தேவைப்படுவது மூன்றே ஏற்பாடுகள். திறப்பு நாளில் ஒவ்வொரு வடத்தின் இழுவிசையும் அதிர்வெண்ணும் பதிவு செய்யப்பட்டு, அந்தப் பதிவு அரசின் உடைமையாக இருக்க வேண்டும்; ஒப்பந்ததாரர் கணக்கு முடித்துச் செல்லும்போது உடன் எடுத்துச் செல்லும் பொருளாக அது இருக்கக் கூடாது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை, கட்டிய துறையைச் சேராத ஒருவர் மீண்டும் அளக்க வேண்டும். அந்த அறிக்கை சட்டப்பேரவையிலோ நாடாளுமன்றத்திலோ தாக்கல் செய்யப்பட வேண்டும்.

தணிக்கை அறிக்கை அவையில் வைக்கப்படுவதால்தான் அரசின் செலவுக் கணக்கில் ஓரளவு அச்சம் நிலவுகிறது. பாலங்களின் கணக்கிலும் அந்த அச்சம் வர வேண்டும். அடுத்த திறப்பு விழாவுக்கு யார் அழைக்கப்பட்டார், யார் அழைக்கப்படவில்லை என்று கேட்கும் உறுப்பினர்கள், வடங்களின் இழுவிசைப் பதிவேடு எந்த அலுவலகத்தில் உள்ளது என்றும் சேர்த்துக் கேட்கலாம். அக்கேள்விக்கு எழுத்துமூலம் பதிலளிக்க முடியாத எந்த அரசுக்கும் நாடாவை வெட்டும் உரிமை இல்லை.